அரைப் பைசா எங்கே போச்சு?

முப்பத்தாறு வயசில் மறுபடி காலேஜ் பெஞ்சில் உட்காருவது எப்படி இருக்கும் தெரியுமா? கல்யாணத்துக்குத் தைத்த பேன்ட்டை இப்போது போட்டுப் பார்ப்பது மாதிரி இருக்கும். ஏறிவிடும். பட்டன்தான் போட முடியாது.

எல்லாவற்றுக்கும் காரணம் ஆபீஸில் வந்த ஒரு சர்க்குலர். கம்ப்யூட்டரில் ‘டேட்டா’ வேலை தெரிந்தவர்களுக்கு அடுத்த பிரமோஷனில் முன்னுரிமையாம். நான் பகலில் அக்கவுன்ட்ஸ், ராத்திரியில் பத்திரிகைக்குக் கட்டுரை என்று இரண்டு குதிரையில் சவாரி செய்கிறவன். இரண்டும் நொண்டிக் குதிரை. அதனால் ஒரு பல்கலைக்கழகத்தில் சனி, ஞாயிறு மட்டும் நடக்கும் ‘சயன்டிஃபிக் கம்ப்யூட்டிங்’ வகுப்பில் பணத்தைக் கட்டிச் சேர்ந்துவிட்டேன்.

மனைவியிடம் சொன்னபோது, “பால் கணக்கையே மாசா மாசம் தப்பாப் போடறீங்க. இதுல சயின்ஸ் வேறயா?” என்றாள்.

முதல் நாள் வகுப்புக்குள் நுழைந்ததும் நாற்பது பேரும் எழுந்து நின்று “குட்மார்னிங் சார்” என்றார்கள். எல்லோருக்கும் இருபத்திரண்டு, இருபத்துமூன்று வயது. முக்கால்வாசிப் பேர் எஞ்சினீயரிங். “உக்காருங்க, உக்காருங்க” என்று பெருந்தன்மையாகக் கையசைத்துவிட்டுக் கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்தேன். அதற்கப்புறம் மூன்று மாசமும் எனக்கு அங்கே ‘அங்கிள்’ என்றே பெயர்.

நிஜ புரொஃபஸர் பிறகு வந்தார். ஐம்பது வயசு இருக்கும். பருத்திப் புடவை, கையில் ஒரு சாக்பீஸ். புஸ்தகம் கிடையாது. நோட்ஸ் கிடையாது. வந்தவுடன் என்னைக் கண்டுபிடித்துவிட்டார்.

“நீங்க என்ன படிச்சிருக்கீங்க?”

“பி.காம். மேடம்.”

வகுப்பில் லேசாகச் சிரிப்பு.

“சிரிக்காதீங்க. ஒரு பைசா வித்தியாசத்துக்காக ராத்திரி பதினோரு மணி வரைக்கும் ஆபீஸ்ல உக்காந்திருந்த ஆள் இந்த ரூம்ல அவர் ஒருத்தர்தான். இந்தப் பாடம் அவருக்குத்தான் முதல்ல புரியும்.”

எனக்கு அங்கேயே ஒரு டிகிரி கொடுத்த மாதிரி இருந்தது. அந்தச் சந்தோஷம் சரியாக இருபது நிமிஷம் நீடித்தது.

* * *

“எல்லாரும் பைத்தான்ல 0.1 கூட்டல் 0.2 போடுங்க” என்றார் மேடம்.

போட்டேன். 0.30000000000000004 என்று வந்தது.

கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி போட்டேன். அதே விடை. பக்கத்துப் பையனின் கம்ப்யூட்டரை எட்டிப் பார்த்தேன். அதிலும் அந்த வால் ஆடிக்கொண்டிருந்தது. பத்துப் பைசாவும் இருபது பைசாவும் சேர்ந்தால் முப்பது பைசா என்று எங்கள் தெருப் பெட்டிக்கடைக்காரருக்குத் தெரியும். ஐம்பதாயிரம் ரூபாய் மெஷினுக்குத் தெரியவில்லை!

“மேடம், மெஷின் ரிப்பேர்” என்றேன்.

“ரிப்பேர் இல்ல. அதுக்கு 0.1-ன்னா என்னன்னே தெரியாது” என்றார்.

அவர் சொன்ன விளக்கத்தை என் பாஷையில் சொல்கிறேன். நம் பாட்டிமார்கள் எப்படி அளந்தார்கள்? அரை, கால், அரைக்கால், வீசம், அரைவீசம். ஒவ்வொன்றும் முந்தையதில் பாதி. கம்ப்யூட்டரும் அசல் பாட்டிதான். அதற்கு இரண்டு, இரண்டின் பாதி, பாதியில் பாதி தவிர வேறு அளவு தெரியாது. அதனிடம் போய்ப் பத்தில் ஒன்று கேட்டால் பாவம் என்ன செய்யும்? ஒரு வீசம் போடும். அரைவீசம் போடும். இரண்டும் சேர்ந்து 0.09375. இன்னும் குறைகிறது. 256-ல் ஒன்றும் 512-ல் ஒன்றும் போடும். 0.099609375. இன்னும் குறைகிறது. இப்படிப் போட்டுக்கொண்டே போனாலும் 0.1 வரவே வராது. நூறு ரூபாயை மூன்று பேருக்குப் பங்கு போட்டால் 33.33 என்று கொடுத்துவிட்டு மிச்ச ஒரு பைசாவை வைத்துக்கொண்டு விழிக்கிறோமே, அதே கதை. நமக்கு மூன்றில் ஒன்று தகராறு. அதற்குப் பத்தில் ஒன்று தகராறு.

எங்காவது ஓரிடத்தில் நிறுத்தியாக வேண்டும். எங்கே நிறுத்துவது என்பதற்கு 1985-ல் ஒரு விதி போட்டார்கள். பெயர் ஐ.இ.இ.இ. 754. இன்று உங்கள் மேஜைக் கம்ப்யூட்டரிலிருந்து சட்டைப்பை மொபைல் வரை கிட்டத்தட்ட எல்லாம் அந்த விதிப்படிதான் கணக்குப் போடுகின்றன. ஒரு எண்ணின் இலக்கங்களுக்கு 53 பிட் துல்லியம் உண்டு. நம் கணக்கில் பதினைந்து, பதினாறு இலக்கம். அதற்கு மேல் வருவதை ரவுண்ட் பண்ணிவிட வேண்டும். இந்த விதிக்கு முக்கியக் காரணகர்த்தா வில்லியம் கஹான். 1989-ல் டூரிங் பரிசு வாங்கினவர்.

“அப்ப கம்ப்யூட்டர் தப்பாத்தான் கணக்குப் போடுதா?” என்று ஒரு பெண் கேட்டாள்.

“எப்பவும் கொஞ்சம் தப்பாத்தான் போடும். அது பரவாயில்ல. எவ்வளவு தப்புன்னும் எந்தப் பக்கம் தப்புன்னும் உனக்குத் தெரிஞ்சிருக்கணும். அதுதான் இந்தப் பாடமே” என்றார் மேடம்.

எந்தப் பக்கம் தப்பு. அன்றைக்கு அந்த வார்த்தையை நோட்டில் எழுதிக்கொண்டேன். எதற்கு என்று அப்போது எனக்கே தெரியாது.

* * *

அடுத்தடுத்த வாரங்களில் பி.காம். மூளைக்குச் சில விஷயங்கள் பளிச்சென்று புரிந்தன.

ஒன்று, கோடீஸ்வரன் கணக்கு. 32 பிட் இடம் மட்டும் உள்ள ஒரு சின்ன ரகம் எண் இருக்கிறது. அதில் 1,67,77,216 என்று போட்டு ஒன்றைக் கூட்டினால் விடை 1,67,77,216. மறுபடி ஒன்று கூட்டுங்கள். அதே 1,67,77,216. ராத்திரி முழுக்க ஒவ்வொன்றாகக் கூட்டினாலும் அசையாது. ஒன்றரைக் கோடி வைத்திருப்பவனிடம் ஒரு ரூபாய் கொடுத்தால் அவனுக்குத் தெரியுமா? அதேதான். அதனால் பெரியதும் சின்னதுமாக நிறைய எண்களைக் கூட்டும்போது சின்னதை முதலில் கூட்ட வேண்டும். உண்டியல் காசை முதலில் எண்ணி நோட்டாக மாற்றிக்கொண்டு, அப்புறம் பெரிய நோட்டுக் கட்டோடு சேர்ப்பது மாதிரி.

இரண்டு, லாரி கணக்கு. எடைமேடையில் லாரியை டிரைவரோடு நிறுத்துகிறீர்கள். டிரைவரை இறக்கிவிட்டு மறுபடி எடை போடுகிறீர்கள். ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தால் டிரைவரின் எடை வர வேண்டும். ஆனால் அந்த மேடை பத்துப் பத்துக் கிலோவாகத்தானே காட்டும்? லாரிக்கு அது துல்லியம். டிரைவருக்கு அது அநியாயம். கிட்டத்தட்ட சமமான இரண்டு பெரிய எண்களைக் கழித்தால், நல்ல இலக்கங்கள் எல்லாம் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு செத்துப்போகும். கையில் மிஞ்சுவது பிழை மட்டும்தான்.

மூன்று, கண்டக்டர் கணக்கு. இதுதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. சில்லறை இல்லாத கண்டக்டர் என்ன செய்கிறார்? டிக்கெட்டின் பின்னால் ‘பாக்கி 3’ என்று எழுதிக் கொடுக்கிறார். இறங்கும்போது கேட்டு வாங்கிக்கொள்கிறோம். (சில சமயம் மறந்துவிட்டு வயிறெரிகிறோம்.) நான் மேலே சொன்ன கஹான் 1965-லேயே இந்த யோசனையைக் கம்ப்யூட்டருக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டார். ஒவ்வொரு தடவை கூட்டும்போதும் இடமில்லாமல் உதிர்ந்த துக்கடாவைத் தனியாக ஒரு சீட்டில் எழுதி வை. அடுத்த கூட்டலில் முதலில் அந்தப் பாக்கியைக் கொடு. அவ்வளவுதான். நாலே வரி புரோகிராம்.

இன்னொரு வேடிக்கை. பைத்தானிடம் 2.5-ஐ ரவுண்ட் பண்ணச் சொன்னால் 2 என்கிறது. 3.5-ஐச் சொன்னால் 4. சரிபாதி வரும்போது பக்கத்து இரட்டைப்படை எண்ணுக்குப் போய்விடும். எப்போதும் மேலேயே தள்ளினால் பிழை எல்லாம் ஒரே பக்கம் குவியும். இப்படிச் செய்தால் பாதி மேலே, பாதி கீழே போய் ஈடுகட்டும். இதற்கு ‘பேங்கர்ஸ் ரவுண்டிங்’ என்றே பெயர். நாற்பது எஞ்சினீயர்களும் அன்றைக்கு என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டேன்.

* * *

ஐந்தாவது வாரம் மேடம் சிரிக்காமல் வந்தார்.

“இதுவரைக்கும் விளையாட்டு. இன்னிக்கு ரெண்டு சம்பவம் சொல்றேன்” என்றார்.

முதல் சம்பவம், 1991 பிப்ரவரி 25. வளைகுடாப் போர் நடந்துகொண்டிருந்தது. சவூதி அரேபியாவின் தஹ்ரானில் அமெரிக்க வீரர்கள் தங்கியிருந்த கட்டடத்தின்மேல் ஈராக் ஏவிய ஒரு ஸ்கட் ஏவுகணை விழுந்தது. 28 பேர் செத்துப்போனார்கள். வருகிற ஏவுகணையை வானத்திலேயே மறிப்பதற்கு அங்கே ‘பேட்ரியாட்’ என்ற ஏற்பாடு இருந்தது. அது மறிக்கவே இல்லை. ஏன்?

அதன் கடிகாரம் பத்தில் ஒரு விநாடி, பத்தில் ஒரு விநாடியாக எண்ணும். அதை விநாடியாக மாற்ற 0.1-ஆல் பெருக்கும். நம் பழைய நண்பர் 0.1! அதை வைக்க இருந்த இடம் 24 பிட். மிச்சத்தை வெட்டிவிட்டார்கள். அதனால் ஒவ்வொரு பத்தில் ஒரு விநாடிக்கும் சுமார் 0.000000095 விநாடி பிழை. எறும்பின் கால் நகம்கூட இல்லை. ஆனால் அந்த மெஷின் நிறுத்தாமல் நூறு மணி நேரம் ஓடிக்கொண்டிருந்தது. நூறு மணி நேரத்தில் முப்பத்தாறு லட்சம் தடவை. பெருக்கிப் பாருங்கள். 0.34 விநாடி. ஸ்கட் அந்த நேரத்தில் அரை கிலோமீட்டருக்கு மேல் போய்விடும். பேட்ரியாட் பார்க்க வேண்டிய இடத்தை விட்டு வேறு இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. திருத்திய புரோகிராம் தஹ்ரானுக்கு வந்து சேர்ந்தது மறுநாள், பிப்ரவரி 26.

வகுப்பில் சத்தமே இல்லை.

“ரெண்டாவது சம்பவத்துல யாரும் சாகலை. அங்கிள், இது உங்களுக்கு” என்றார். (மேடமும் அங்கிள் என்று ஆரம்பித்துவிட்டார்!)

கனடாவில் வான்கூவர் பங்குச் சந்தை. 1982 ஜனவரியில் புதுசாக ஒரு குறியீட்டு எண் ஆரம்பித்தார்கள். ஆரம்ப மதிப்பு 1000. ஒவ்வொரு வியாபாரம் நடந்ததும் கம்ப்யூட்டர் புது மதிப்பைக் கணக்கிட்டு, மூன்று தசம இலக்கத்தோடு நிறுத்தும். நாளைக்குச் சுமார் மூவாயிரம் தடவை. சந்தை நன்றாகத்தான் இருந்தது. ஆனால் குறியீடு மட்டும் மாசா மாசம் இறங்கிக்கொண்டே வந்தது. 1983 நவம்பரில் 524.811. பாதிக்குப் பாதி! கடைசியில் கண்டுபிடித்தார்கள். நாலாவது இலக்கத்தைப் பார்த்து ரவுண்ட் பண்ணாமல், கண்ணை மூடிக்கொண்டு வெட்டிக்கொண்டிருந்திருக்கிறது மெஷின். ஒரு வெட்டுக்குச் சராசரி 0.0005 நஷ்டம். மூவாயிரம் வெட்டுக்கு நாளைக்கு ஒன்றரைப் புள்ளி. எல்லாம் ஒரே பக்கம். வெள்ளிக்கிழமை 524.811-ல் மூடிய குறியீடு, கணக்கைத் திருத்தியதும் திங்கட்கிழமை 1098.892-ல் திறந்தது.

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரிக்க வாயைத் திறந்தேன். வரவில்லை.

வெட்டினால் எல்லாம் ஒரே பக்கம் போகும். எனக்கு லெட்ஜர் சார் ஞாபகம் வந்துவிட்டார்.

* * *

2010-ல் பி.காம். முடித்ததும் எனக்குக் கிடைத்த முதல் வேலை ஒரு சின்ன ஊர் ஃபைனான்ஸ் கம்பெனியில். பெயர் வேண்டாம். அந்தக் கம்பெனியை எப்போதோ மூடிவிட்டார்கள். அங்கே முப்பது வருஷமாகப் பேரேடு எழுதிக்கொண்டிருந்தவர் ஒருவர். எல்லோரும் அவரை லெட்ஜர் சார் என்றுதான் கூப்பிடுவார்கள். வெள்ளை வேட்டி, காதில் பேனா. கால்குலேட்டரைத் தொடமாட்டார். மனசிலேயே பெருக்கி, மனசிலேயே வகுத்து, விடையை மட்டும் எழுதுவார்.

அந்த வருஷம்தான் முதலாளி கம்ப்யூட்டர் வாங்கினார். யாரோ ஒரு பையன் புரோகிராம் எழுதிக் கொடுத்தான். கஸ்டமர் எப்போது வந்து கேட்டாலும் ‘இன்றுவரை வட்டி’ திரையில் தெரிய வேண்டும் என்பது முதலாளியின் ஆசை. அதனால் 1,800 டெபாசிட்டுக்கும் தினமும் வட்டி போட்டுச் சேர்த்துக்கொண்டே வரும் அந்தப் புரோகிராம். அந்தக் கம்ப்யூட்டருக்கு ஆபரேட்டர் சாட்சாத் அடியேன்.

2011 மார்ச் முடிந்து கணக்கு முடித்தபோது வந்தது வினை. லெட்ஜர் சார் பாஸ்புக்கில் எழுதி, கஸ்டமர்களுக்குக் கொடுத்த வட்டி, கம்ப்யூட்டர் காட்டிய வட்டியைவிட 3,271 ரூபாய் அதிகம்.

முதலாளி என்னைக் கூப்பிட்டார். “கம்ப்யூட்டர்ல தப்பு இருக்குமாடா?”

“மூணு தடவை போட்டுப் பார்த்துட்டேன் சார். மூணு தடவையும் ஒரே விடை. கம்ப்யூட்டர் தப்புப் பண்ணாது சார்.”

இருபத்தோரு வயசு. புது வேலை. அந்தக் கட்டடத்திலேயே கம்ப்யூட்டர் தெரிந்தவன் நான் ஒருத்தன்தான் என்கிற திமிர்.

லெட்ஜர் சார் கோபப்படவில்லை. என் மேஜைக்கு வந்து நின்று ஒரே ஒரு கேள்வி கேட்டார். “தம்பி, பைசாவுக்குக் கீழ வர்றதை இந்தப் பொட்டி எங்க வைக்குது?”

நான் சிரித்தேன். “அரைப் பைசாவெல்லாம் யார் சார் பாக்கறாங்க? வர்ற ஜூன்லேர்ந்து நாலணாவே செல்லாதுன்னு சொல்லிட்டாங்க!”

சுற்றி இருந்தவர்களும் சிரித்தார்கள்.

அவரைத் திருடன் என்று யாரும் சொல்லவில்லை. ‘வயசாயிடுச்சு, கணக்குல தப்பு வருது’ என்றுதான் சொன்னார்கள். முப்பது வருஷம் கணக்கு எழுதினவருக்கு இரண்டில் எது பெரிய அவமானம் என்று நீங்களே சொல்லுங்கள். 3,271 ரூபாயைச் சம்பளத்தில் பிடித்தார்கள். பிடிக்கச் சொன்ன கடிதத்தை டைப் அடித்ததும் நான்தான். அடுத்த மாசமே அவர் நின்றுவிட்டார். மாலை இல்லை, டீ பார்ட்டி இல்லை.

* * *

அன்று ராத்திரி வீட்டில் ஒரு பேப்பரை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

பத்தாயிரம் ரூபாய் டெபாசிட். ஒன்பது சதவிகித வட்டி. வருஷத்துக்கு 900 ரூபாய். ஒரு நாளைக்கு 2.4657... ரூபாய். பைசாவுக்குக் கீழே வெட்டினால் 2.46. அதை 365-ஆல் பெருக்கினால் 897 ரூபாய் 90 பைசா. ஒரே ஒரு டெபாசிட்டில் இரண்டு ரூபாய் பத்துப் பைசா காணோம்! லெட்ஜர் சார் என்ன செய்வார்? தொகையையும் நாளையும் பெருக்கி எல்லாவற்றையும் கூட்டி வைத்துக்கொண்டு, கடைசியில் ஒரே ஒரு தடவை வட்டி போடுவார். ஒரே ஒரு தடவை ரவுண்ட் பண்ணுவார். அது 900.

ஒரு வெட்டுக்குச் சராசரி அரைப் பைசா. 365 நாள். 1,800 டெபாசிட். பெருக்கினால் மூவாயிரத்து இருநூற்றுச் சொச்சம். கடிதத்தில் நான் அடித்தது 3,271.

மனைவி எழுந்து வந்து, “என்ன, பால் கணக்கா?” என்றாள். பதில் சொல்லத் தெரியவில்லை.

‘மூணு தடவையும் ஒரே விடை’ என்று சொன்னேனே, அதுதான் ரொம்பக் குத்தியது. முந்தின வாரம்தான் மேடம் சொல்லியிருந்தார். நின்றுபோன கடிகாரத்தை மூன்று தடவை பார்த்தாலும் ஒரே மணிதான் காட்டும் என்று.

* * *

பழைய சிநேகிதன் ஒருவனிடம் விலாசம் வாங்கிக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை வகுப்புக்கு மட்டம் போட்டேன். பஸ்ஸில் நாலு மணி நேரம். ஒரு கவரில் 3,271 ரூபாய் எண்ணி வைத்துக்கொண்டேன். இன்னொரு கவரில் கணக்கு எழுதின பேப்பர்.

திண்ணையில் உட்கார்ந்திருந்தார். எழுபதைத் தாண்டியிருக்கும். வேட்டி அதே வெள்ளை. காதில் பேனாவுக்குப் பதில் காது மெஷின்.

“கம்ப்யூட்டர் தம்பியா? வா வா” என்றார். வீட்டுக்காரம்மா காபி கொண்டுவந்து வைத்துவிட்டு நிலைப்படியில் நின்றுகொண்டார்.

எப்படி ஆரம்பிப்பது என்று பஸ்ஸில் ஒத்திகை பார்த்ததெல்லாம் மறந்துவிட்டது. வான்கூவரில் ஆரம்பித்துத் தஹ்ரானுக்குப் போய், எப்படியோ அவர் ஊருக்கு வந்து சேர்ந்தேன். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார்.

“நான்தான் அன்னிக்கே கேட்டேனே தம்பி. பைசாவுக்குக் கீழ வர்றதை எங்க வைக்குதுன்னு.”

“கேட்டீங்க சார். நான் சிரிச்சேன்.”

“எல்லாருந்தான் சிரிச்சாங்க.”

பணக் கவரை நீட்டினேன். பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. திரும்ப என் சட்டைப்பையிலேயே செருகிவிட்டார்.

“இது உன் காசு. நீ எடுக்கலையே. தெரியாததைத் தெரிஞ்ச மாதிரி சொன்னே. அதுக்கெல்லாம் அபராதம் போட ஆரம்பிச்சா ஒரு ஆபீஸும் நடக்காது.” சிரித்தார். “அப்படியே வாங்கறதா இருந்தாலும் வட்டி எங்கே? ஒம்பது பர்சென்ட்னா வருஷத்துக்கு எரநூத்தித் தொண்ணூத்து நாலு ரூபாய் முப்பத்தொம்பது பைசா. பதினாலு வருஷம். நாலாயிரத்து நூத்தி இருபத்தோரு ரூபாய் நாப்பத்தாறு பைசா ஆச்சே!”

நான் மொபைலை எடுக்கவில்லை. வீட்டுக்கு வந்துதான் போட்டுப் பார்த்தேன். பைசா பிசகாமல் சரியாக இருந்தது.

கொஞ்ச நேரம் சும்மா இருந்தார். அப்புறம் குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார். “எனக்கு அன்னிக்கே தெரியும், என் கணக்கு சரின்னு. என் பையன் அதைப் பத்தி ஒரு வார்த்தை கேட்டதில்ல. ‘விடுப்பா, வயசானா வர்றதுதானே’ன்னான். அதான் தம்பி... கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்.” என் கையிலிருந்த இன்னொரு கவரைக் காட்டினார். “காசு வேண்டாம். அதைக் குடு. கீழ உன் கையெழுத்தைப் போட்டுக் குடு.”

கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். பிரமோஷன் ஆர்டரில் கையெழுத்துப் போட்டால்கூட என் கை அப்படி நடுங்காது.

கண்ணாடியை மாட்டிக்கொண்டு பேப்பரை மேலிருந்து கீழே படித்தார். பாதியில் நிறுத்தினார். கீழே உதட்டைப் பிதுக்கினார். எனக்கு அந்தப் பிதுக்கல் ஞாபகம் இருக்கிறது. பேரேட்டில் யாராவது தப்புப் போட்டால் வருவது.

“இங்க பாரு. அரைப் பைசா, 365 நாள். ஒரு டெபாசிட்டுக்கு ஒரு ரூபாய் எண்பத்திரண்டரைப் பைசா. நீ என்ன எழுதியிருக்கே? 1.83.”

“ரவுண்ட் பண்ணேன் சார்...”

“அதை 1,800-ஆல பெருக்கி 3,294-ன்னு போட்டிருக்கே. சரியான விடை 3,285. ஒம்பது ரூபாய் அதிகம். நடுவுல ஏன் ரவுண்ட் பண்ணே? கடைசில பண்ணக்கூடாதா?”

மூன்று மாசம் ஃபீஸ் கட்டிப் படித்த பாடம்!

நிலைப்படியிலிருந்து வீட்டுக்காரம்மா சிரித்துவிட்டார். லெட்ஜர் சார் என் சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்தார். 1.83-ஐ அடித்துவிட்டு, அதே முத்து முத்தான கையெழுத்தில் திருத்தினார். பேனாவைத் திருப்பிக் கொடுக்க மறந்து காதில் செருகிக்கொண்டார், காது மெஷினுக்கு மேலேயே.

நான் கேட்டு வாங்கவில்லை.